திண்டிவனம் வழியே ஒரு நகைச்சுவைப் பயணம்

கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய வடிவம் பெறுவதற்கு முன்பு, சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் முதன்மைத் தடம் திண்டிவனத்தில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த வானூர்ப் பகுதியின் கிளியனூர் வழியாகச் சென்றது. அந்தப் பயணத்தையே தலைப்பாக்கி, திருமலை–மகாலிங்கம் இரட்டையர் இயக்கி 1966இல் வெளிவந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’, சாலைப்படம், அதாவது பயணமே கதையாக விரியும் திரைப்படம் என்னும் வகையில் தமிழின் முன்னோடி நகைச்சுவை முயற்சியாகும். வீட்டைவிட்டு வெளியேறிய நாயகியாகக் கல்பனாவும், அவருக்குத் துணைநிற்கும் நாயகனாக ரவிச்சந்திரனும், பேருந்து நடத்துநராக நாகேஷும் நடித்திருந்தாலும், படத்தின் உயிர் சக பயணிகளிடமே இருக்கிறது. நடுவயதுப் பெற்றோரோடு வந்து பக்கோடா கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையாகத் தோன்றிய காதர், பின்னர் ‘பக்கோடா’ காதர் என்றே அறியப்பட்டார். முன்பின் அறியாதோரை ஓரிருக்கையில் அமரவைத்து, அவரவர் இயல்பிலிருந்தே சிரிப்பை எழுப்பிய இந்த அமைப்பு, தமிழ்த் திரை வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறாதது பெருங்குறையே. எஸ். ராமநாதன் இயக்கி, அமிதாப் பச்சன் நடித்து 1972இல் வந்த இந்தி மறுஆக்கமான ‘பாம்பே டு கோவா’, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ஈடாக, 1961 வரை போர்த்துக்கீசியரிடம் இருந்த கோவாவைப் பயண முடிவிடமாகக் கொண்டது.