ஸ்கிராப்புக்கும் ஜங்க் ஜர்னலும்

இரண்டுக்கும் கத்தரிக்கோலும் பசையும் துண்டுக் காகிதமும் போதும். அதனால் ஒன்றின் புதுப் பெயர்தான் மற்றொன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கிராப்புக்கில் பெரும்பாலும் ஏடு புதிது, அதில் ஒட்டும் படமும் கடிதமும் பழையவை. ஜங்க் ஜர்னலில் ஏடே வீட்டுக் கழிவால் ஆனது, அதில் எழுதப்போவதுதான் புதிது. பழையது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பசை, தையல், ஆயுள், செலவு எல்லாம் மாறுகின்றன.

ஸ்கிராப்புக்குக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் செய்தித்தாளில் வந்த கவிதை, சமையல் குறிப்பு, இரங்கல் செய்தி ஆகியவற்றைக் கத்தரித்து ஒட்டிவைப்பது பரவலான பழக்கம். அதற்கென்று வெற்று ஏடு வாங்காதவர்கள், வேலை முடிந்த கணக்குப் பேரேட்டிலோ யாரும் படிக்காத அரசு அறிக்கை நூலிலோ அச்செழுத்தின் மேலேயே ஒட்டினார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் இதில் ஒரு வியாபாரத்தைக் கண்டார். பக்கங்களில் முன்கூட்டியே கோந்து தடவிய ஏட்டுக்கு 1873 ஜூன் 24 அன்று தம் இயற்பெயரான சாமுவேல் கிளெமென்ஸ் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். ஈரம் தொட்டு அழுத்தினால் துண்டு ஒட்டிக்கொள்ளும். ஏடு நன்றாக விற்றது.

அடுத்த பெரிய அலை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து எழுந்தது. வம்சாவளியைத் தேடித் தொகுப்பதைச் சமயக் கடமையாகக் கருதும் மார்மன் மக்கள் நிறைந்த மாநிலம் அது. 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் மேரிலென் கிறிஸ்டென்சன் தம் குடும்பத் தொகுப்புகளைக் காட்சிக்கு வைத்தார். அதன்பின் ஸ்கிராப்புக் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 12 அங்குலச் சதுரப் பக்கம், அமிலமற்ற தாள், புகைப்பட மூலைப்பிடிப்பு என ஒவ்வொன்றும் கடைச் சரக்காயிற்று.

அமிலத்தில் இவ்வளவு அக்கறைக்குக் காரணம் உண்டு. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். தாளில் மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரம் நாளடைவில் அமிலத்தைத் தந்து தாளை நொறுங்க வைக்கும். பழைய செய்தித்தாளை மடித்தால் மடிப்பிலேயே ஒடிவது இதனால்தான். ஆகவே நல்ல ஸ்கிராப்புக் தாளில் லிக்னினை நீக்கி, அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள்.

ஜங்க் ஜர்னல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தாளுக்குப் பழைய நிறம் வர அதைத் தேநீரிலோ காப்பித் தண்ணீரிலோ நனைத்துக் காயவைக்கிறார்கள். தேநீரே லேசான அமிலம். ஸ்கிராப்புக்காரர் காசு கொடுத்து விலக்குவதை ஜங்க் ஜர்னல்காரர் வலியப்போய் ஊற்றுகிறார். நூறாண்டு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஏட்டுக்குக் கிடையாது, அதனால் இது தவறும் இல்லை.

கட்டமைப்பிலும் வேறுபாடு தெளிவு. ஸ்கிராப்புக் பெரும்பாலும் திருகாணியோ வளையமோ போட்ட ஆல்பம். பக்கத்தைச் செருகலாம், கழற்றலாம். ஜங்க் ஜர்னலில் கட்டுமானமே கலை. ஓட்ஸ் பெட்டியோ சட்டைப் பெட்டியோ மேலட்டையாகும். டெய்லி காலண்டர் தாள், ஒரு பக்கம் அச்சான நோட்டீஸ், பழுப்பு உறை, கல்யாணப் பத்திரிகை இவற்றை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு கட்டு. தாளின் நார் ஓடும் திசையிலேயே மடித்தால் மடிப்பு பிசிறில்லாமல் படியும்.

தைக்க மூன்று துளை போதும். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை விட்டு, மேல் துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியேறி, மறுபடி நடுத் துளையில் உள்ளே வர வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலின் இரு பக்கமும் முனைகள் நிற்கும்படி முடிச்சுப் போட வேண்டும். முதுகுப் பகுதியைக் கட்டின் கனத்தைவிட அகலமாக விடுவது முக்கியம். பையும் சீட்டும் ஒட்ட ஒட்ட ஏடு உப்பும். இடம் விடாமல் தைத்தவர் ஏடு மூடவே மூடாது.

பொருள் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. ஏடிஎம் சீட்டும் சூப்பர் மார்க்கெட் பில்லும் வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். சில ஆண்டில் எழுத்து மங்கிவிடும், இஸ்திரிப் பெட்டி பட்டால் தாளே கறுத்துவிடும். ஸ்கிராப்புக்கில் இது ஆவண இழப்பு, அதனால் நகல் எடுத்து ஒட்டுகிறார்கள். ஜங்க் ஜர்னலில் அந்த வெளிறிய தாளின் மேலேயே எழுதிக்கொள்ளலாம்.

சந்தை மட்டும் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறது. பேரேட்டில் இலவசமாக ஒட்டியவர்களுக்கு ட்வைன் கோந்து ஏட்டை விற்றார். கழிவிலிருந்து ஏடு செய்பவர்களுக்கு இன்று தேநீர்க் கறை அச்சடித்த தாளும், பழங்காலச் சீட்டு மாதிரிகளும் பாக்கெட்டில் விற்கப்படுகின்றன. புதுத் தாளில் பழமையை அச்சடித்து வாங்கும்போது ஜங்க் ஜர்னல் தன் ஒரே நியாயத்தை இழந்துவிடுகிறது. ஸ்கிராப்புக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நல்ல தாளுக்குச் செலவு கேட்கிறது, பதிலுக்கு ஆயுளைத் தருகிறது.

எனவே எது உயர்ந்தது என்ற கேள்விக்கு முன், எதைக் காக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். தாத்தா எழுதிய கடைசிக் கடிதம், ஒரே பிரதியான திருமணப் படம் போன்றவை அமிலமற்ற பக்கத்தில், மூலைப்பிடிப்பில், பசை படாமல் இருக்க வேண்டும். எழுத இடம் வேண்டும், வெள்ளைத் தாளைப் பார்த்தால் கை தயங்குகிறது என்பவருக்கு ஜங்க் ஜர்னலே சரி. ஏற்கெனவே கறை பட்ட தாளைக் கெடுத்துவிடுவோம் என்ற பயம் யாருக்கும் வராது. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம். ஒன்றில் வைக்க வேண்டியதை மற்றொன்றில் ஒட்டாதவரை.