காற்றைக் கேட்டுப் புறப்பட்ட காலம்

பழவேற்காட்டுக்கும் ஜகார்த்தா நகருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? நேர்கோட்டில் அளந்தால் சுமார் 3,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கும் ஜெட் விமானம் இதனை ஐந்து மணி நேரத்திற்குள் கடந்துவிடும். தூரம் என்றும் மாறுவதில்லை. அதைக் கடக்கும் காலமோ மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றையே ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, கடலோரம் அமைந்தது பழவேற்காடு. ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர் 1610-இல் இங்கு வந்து வாணிகத்திற்கு அனுமதி பெற்றனர். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். 1619-இல் ஜாவாத் தீவில் அவர்கள் நிறுவிய பட்டேவியாவே இன்றைய ஜகார்த்தா. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் அங்குச் சென்றன. அத்துணிகளைக் கொடுத்தே கிழக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கினர்.

அந்நாளில் பயண நேரத்தை நிர்ணயித்தது காற்று. வங்கக் கடலைக் கிழக்கு நோக்கிக் கடக்கத் தென்மேற்குப் பருவக்காற்றும், திரும்பி வர வடகிழக்குப் பருவக்காற்றும் துணைசெய்தன. ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்கு அஞ்சி, ஒதுங்க இடமில்லாத இக்கரையைக் கப்பல்கள் தவிர்த்தன. பருவம் தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே, 'எத்தனை நாள் ஆகும்?' என்று கேட்பதற்கு முன், 'எப்பொழுது புறப்படலாம்?' என்றே வணிகர் கேட்டனர்.

அக்கப்பல்களில் துணி மட்டுமா சென்றது? 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் நேர்ந்தபோது, பசியால் விலைபோன மக்கள் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளில் பொறித்த பெயர்களை நான் கண்டிருக்கிறேன். ஏற்றிச் செல்லப்பட்ட நம்மவர்க்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை. வணிகனுக்கு அக்கடல் போய்வரும் வழி. அவர்களுக்கு அது திரும்பாத வழி.

பின்னர் நீராவிக் கப்பல் வந்து காற்றின் ஆட்சியை முடித்தது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. இன்று சென்னையிலிருந்து 2,900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரமே.

எனினும் பெருஞ்சரக்கு இன்றும் கடல்வழியே செல்கிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூரில் 2001-இல் திறக்கப்பட்டு, இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் அதற்குச் சான்று. புறப்படும் நாளைக் குறிக்க இன்று பருவக்காற்றைக் கேட்க வேண்டியதில்லை.

மாணவர்களே, இரு நகரங்களுக்கிடையே உள்ள தூரத்தை நிலப்படம் சொல்லும். பயண நேரத்தைக் கால அட்டவணை சொல்லும். பயணம் செய்தவர் தம் விருப்பத்தோடு சென்றாரா, திரும்பி வர அவரால் இயன்றதா என்பதை வரலாறு ஒன்றே சொல்லும். அதனையும் கேட்டறிவதே கல்வியின் பயனாகும்.