ஹெவெல்

ஹே, பேத், லாமெத் என்னும் மூன்று எழுத்துகளால் அமைந்த எபிரேயப் பெயர்ச்சொல் ஹெவெல். இதன் அடிப்படைப் பொருள் மூச்சு, ஆவி. விவிலியத்தில் ஏசாயா 57:13-இல் இச்சொல் காற்றுக்கு இணையாக நின்று இந்த நேர்ப்பொருளையே தருகிறது. தோன்றி மறைவது, கைக்கு அகப்படாதது, பயனற்றது என்ற பொருள்கள் இதிலிருந்து கிளைத்தன. சங்கீதம் 144:4 மனித வாழ்வின் நிலையாமையையும், எரேமியா 10-ஆம் அதிகாரம் விக்கிரகங்களின் வெறுமையையும் இச்சொல்லால் குறிக்கின்றன. அற்பாயுளில் மாண்ட ஆபேலின் எபிரேயப் பெயரும் இதே எழுத்துகளைக் கொண்டதே.

விவிலியத்தின் பிரசங்கி நூலில் இச்சொல் 38 முறை வருகிறது. அங்குள்ள 'ஹவேல் ஹவாலிம்' என்ற தொடர் மிகுதியை உணர்த்துவது. 'பாடல்களின் பாடல்' என்பது தலைசிறந்த பாடலைக் குறிப்பதுபோல, இத்தொடர் ஆவியிலும் மெல்லிய ஆவியைக் குறிக்கிறது.

கிரேக்கச் செப்துவஜிந்த் 'மத்தாயோத்தேஸ்' என்றும், ஜெரோமின் இலத்தீன் பெயர்ப்பு 'வானித்தாஸ்' என்றும் இதை மொழிபெயர்த்தன. இரண்டும் வெறுமை, வீண் என்னும் கருத்தை முன்னிறுத்துகின்றன. தமிழில் பழைய விவிலியப் பெயர்ப்பு 'மாயை' என்கிறது. திருவிவிலியம் என்னும் பிந்தைய பெயர்ப்பு 'வீண்' என்கிறது. வேதாந்தத்தில் மாயை மெய்யல்லாத தோற்றத்தைச் சுட்டும். பிரசங்கியோ உலகைப் பொய் என்று சொல்வதில்லை. உணவையும் உழைப்பையும் மகிழ்ச்சியோடு ஏற்கச் சொல்கிறார். ஆகவே நிலையாமை, பிடிபடாமை என்னும் இரண்டையும் சேர்த்துக் கொள்வதே அந்நூலில் இச்சொல்லுக்குப் பொருந்தும்.