ஆண் தேவைப்படாத புழு

அல்ஜியர்ஸ் நகர நூலகராக இருந்த எமில் மோபா, ஒரு மில்லிமீட்டர் நீள மண்வாழ் உயிரி ஒன்றை 1900இல் விவரித்தார். அந்த உருளைப்புழுவின் உடலில் முதலில் விந்தணுக்கள் உருவாகும், பிறகு கருமுட்டைகள். ஆண்கள் மிக அரிது. இன்று ஆய்வகங்கள் கொண்டாடும் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் அதுதான்.

அதன் மூதாதையரிடம் ஆணும் பெண்ணும் தனித்தனியே இருந்தன. தானே கருவுறும் வழக்கம் அதே பேரினத்தின் எலிகன்ஸ், பிரிக்சே, டிராபிகாலிஸ் என மூன்று இனங்களில் தனித்தனியாகத் தோன்றியது.

அந்த மாற்றம் அவ்வளவு எளிதா? 2009இல் வந்த ஆய்வு வியக்க வைக்கிறது: ரெமனேய் என்னும் இனத்தின் பெண்ணில் இரண்டே மரபணுக்களின் செயலைக் குறைத்ததும் அது தானே கருவுற்றது.

இழப்பும் உண்டு. ஆணும் பெண்ணும் தனித்தனியே உள்ள நெருங்கிய உறவான நிகோனியைவிட பிரிக்சேயிடம் மரபணுக்கள் ஏறத்தாழ கால்பங்கு குறைவு. தொலைந்தவற்றுள் விந்தணுப் போட்டிக்கான மரபணுக்களும் அடக்கம். அவற்றைப் பிரிக்சே ஆண்களுக்குத் திருப்பித் தந்ததும் அந்த ஆண்களுடைய விந்தணுக்களின் போட்டித்திறன் கூடியது.