செல்லிடத் தொலைபேசியின் வரலாற்றில் பொது நியமத்தின் இடம்

செல்லிடத் தொலைபேசியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே கூறப்பட்டு வருகின்றது. 1973 இல் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் நகரத் தெருவொன்றில் நின்று கைக்கருவி மூலம் உரையாடிய நிகழ்ச்சி அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுவதுமுண்டு. ஆயினும், ஒரு கருவி தோன்றுவது வேறு. அது உலகெங்கும் பரவுவது வேறு. பின்னையது நிகழ்ந்தவாற்றை அறிய 1980களின் ஐரோப்பாவை நோக்குதல் வேண்டும்.

நிலப்பரப்பைச் சிறு கலங்களாகப் பிரித்து, ஒரே மீடிறனை ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கலங்களில் மீண்டும் பயன்படுத்தலாம் என்னும் கருத்து 1947 இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முன்வைக்கப்பட்டது. அக்கருத்து ஐரோப்பாவிற் செயலுருப் பெற்றபோது, நோர்டிக் நாடுகள் 1981 முதல் தமக்கிடையே பொதுவான முறையொன்றைக் கையாண்டன. பிரித்தானியா, பிரான்சு, மேற்கு ஜேர்மனி ஆகியனவோ வெவ்வேறு முறைகளை மேற்கொண்டன. இதனால் ஒரு நாட்டின் கருவி மற்றொரு நாட்டிற் பயனற்றதாயிற்று.

இக்குறையை நீக்கும் நோக்குடன், ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் மாநாடு 1982 இல் ஜி.எஸ்.எம். என்னும் குழுவை அமைத்தது. 1987 இன் தொடக்கத்தில் அக்குழுவிற் பெரும்பாலான நாடுகள் குறும்பட்டை முறையை ஆதரிக்க, பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் அகலப்பட்டை முறையை வற்புறுத்தின. பொறியியலாளர் தீர்க்கமுடியாத இப்பிணக்கு அமைச்சர் மட்டத்திலேயே தீர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஐரோப்பிய சமூகம் 900 மெகாஹேர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியை இச்சேவைக்கென ஒதுக்குமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. செப்டெம்பரில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் கொப்பன்ஹேகனில் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். 1991 இல் பின்லாந்தில் முதலாவது ஜி.எஸ்.எம். அழைப்பு இடம்பெற்றது.

அமெரிக்கா இதற்கு மாறான வழியிற் சென்றது. அங்கு இலக்கமுறைச் சேவைக்கு ஒரே நியமம் விதிக்கப்படாமையால் பல முறைகள் போட்டியிட்டன. பரவலுக்கு இது இடையூறாயினும், தொழினுட்ப வளர்ச்சிக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அப்போட்டியில் நிலைபெற்ற சி.டி.எம்.ஏ. என்னும் உத்தியையே ஐரோப்பாவும் தனது மூன்றாந் தலைமுறைக்கு அடிப்படையாகக் கொண்டது. எனினும், 2009 இல் ஸ்ரொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் தொடங்கிய நான்காந் தலைமுறைச் சேவையின் நியமத்தை அமெரிக்க சி.டி.எம்.ஏ. நிறுவனங்களும் 2010 முதல் ஏற்றன. போட்டி உத்தியை வளர்த்தது. உடன்பாடு அதனைப் பரப்பியது எனலாம்.

இவ்வுடன்பாடுகளின் பயனைச் சிறிய நாடுகளும் பெற்றன. 1989 இல் செல்லிடத் தொலைபேசிச் சேவையைப் பெற்ற இலங்கை, 1995 இல் ஜி.எஸ்.எம். சேவையையும் பெற்றது. தனக்கென ஒரு முறையை வகுக்கவேண்டிய சுமை அதற்கு இருக்கவில்லை. ஆனால், அந்நியமம் வகுக்கப்பட்ட 1987 ஆம் ஆண்டுப் பேச்சுகளில் அதற்கு இடமும் இருக்கவில்லை. ஐந்தாந் தலைமுறைச் சேவை பரவிவரும் இக்காலத்தில், பொது நியமம் வேண்டுமா என்பதிலும், அதனை வகுக்கும் அவையில் எவரெவர் அமர்கின்றனர் என்பதே முதன்மையான வினாவாகும்.