அரசு வெளியீடுகள் பகுதிக்கு அஞ்சலி

பல்கலைக்கழக நூலகங்களில் 'அரசு வெளியீடுகள்' என்றொரு பகுதி உண்டு. கெஜட், சென்சஸ் தொகுதிகள், மாவட்டக் கையேடுகள், குழு அறிக்கைகள் எல்லாம் அங்கே வந்து சேரும். அந்த வரத்து வற்றிவிட்டது. மத்திய அரசு 2015 அக்டோபர் 1 முதல் கெஜட்டைக் காகிதத்தில் அச்சிடுவதை நிறுத்தியது. 2021இல் மத்திய பட்ஜெட்டும் தமிழக பட்ஜெட்டும் காகிதமில்லாமல் தாக்கலாயின. பழைய தொகுதிகள் இருக்கின்றன. அவற்றின் வாரிசுகள் வருவதில்லை.

ஆரணி போன்ற நெசவு ஊருக்கு இது பெரிய இழப்பு. அந்த ஊரின் பழங்கதையில் பெரும்பங்கு இந்த அச்சேடுகளில்தான் சிதறிக் கிடக்கிறது. காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேடு 1881இல் வந்தது. ஸ்டூவர்ட் அதை 1890களில் திருத்தி இரண்டு தொகுதிகளாக்கினார். சென்னை மாகாணப் பட்டு நெசவைப் பற்றித் தர்ஸ்டன் எழுதிய நூல் 1899இல் அச்சானது. 1989இல் மாவட்டம் பிரிந்து ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது. அதற்கு முந்தைய ஆரணியைத் தேடுபவர் வட ஆற்காடு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

1961 சென்சஸ் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் வகைகளில் நான்காவது, வீட்டுத் தொழில். ஆணுக்கொரு கட்டம், பெண்ணுக்கொரு கட்டம். கூலி வாங்காமல் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணும் தொழிலாளியாகப் பதிவாக அதில் இடமிருந்தது. 1971இல் முதன்மை வேலை எது என்று கேட்டார்கள். வீட்டு வேலைதான் என்று சொன்னவர், தார் சுற்றினாலும் தொழிலாளர் கணக்கிலிருந்து விழுந்தார். நாடு முழுவதும் பெண் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 6 கோடியிலிருந்து 3 கோடியாகச் சரிந்தது. பெண்கள் வேலையை விட்டுவிடவில்லை, கேள்விதான் மாறியது. இரண்டு தொகுதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால், விளக்கக் குறிப்புகளை ஒப்பிட்டு ஒரு மாணவியால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. தனியாக இறக்கிய ஒரு பட்டியல் இதைச் சொல்லாது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர் தாமே அலமாரிக்குப் போய் நூலை எடுக்கும் வழக்கத்துக்காக வாதாடினார். அந்த மாணவிக்கு வாய்த்ததுபோல், தேடாதது கண்ணில் படும் வாய்ப்பு அதனால் வாய்த்தது.

இன்று கெஜட் நெசவாளரின் செல்போனுக்கே வருகிறது. அது நல்லதே. எந்த ரகம் கைத்தறிக்கு மட்டும் என்று 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி முடிவாவது கெஜட் அறிவிக்கையில்தான். அது எளிதில் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்ட ஏட்டை ஆட்சி மாறினாலும் திரும்ப வாங்க முடியாது. அரசின் ஒரே தளத்தில் கிடப்பது, தளம் மாறும்போது தொலைந்துபோகலாம். விசைத்தறியோடு வழக்காடும் கைத்தறிக்காரருக்கு அரசு தன் வாயால் சொன்னதற்கு அரசுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டிலும் சில பிரதிகளையாவது அச்சிட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்புவதை அரசு சட்டக் கடமையாக ஏற்க வேண்டும்.