ஆயிரம் மகள்களை வளர்த்தவர்



போன வாரம் ஒரு போன். 1984இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை. இப்போது அதுவும் ஓய்வு பெறப்போகும் ஆசிரியை. பெயரைப் போடவில்லை. எழுதலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர்கள் சிஎஸ்ஐ சபை. மகளுக்கு முப்பது வயது, சென்னையில் வேலை, இன்னும் வரன் அமையவில்லை. சபையில் திருமணமாகாத வாலிபர்களுக்கு ஆயத்த முகாம் ஒன்று வைத்திருக்கிறார்கள். தாய் போகச் சொல்ல, மகள், "கல்யாணம்னா என்ன பரீட்சையா, படிச்சிட்டு உக்காந்திருக்க? நான் வாழ்ந்துக்கிட்டுதானே இருக்கேன்?" என்று கேட்டுவிட்டதாம்.

"இந்த மாதிரி கல்யாணத்துக்கு ஆயத்தம் பண்றதெல்லாம் நம்ம பக்கம் எப்ப சார் ஆரம்பிச்சது? நீங்க ஹிஸ்டரி சார்தானே" என்று கேட்டது. ரெண்டு நிமிஷத்தில் சொல்கிற பதிலா அது? எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாதவன் என்று என்னைத் தெரியாதா உங்களுக்கு!

கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்காக ஒரு செமினரி தொடங்கினார்கள். டேனியல் பூவர் என்பவர் தலைவர். கணிதம், வானசாத்திரம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் நடந்தன. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலேயே அப்படிப்பட்ட படிப்பு அபூர்வம். சங்க நூல்களைத் தேடி அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவர் அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும். 'கரோல்' என்ற பெயரைக் கவனித்தீர்களா? அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பினால் அவர்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் இருந்தது. உதயதாரகை ஆசிரியராக இருந்த சதாசிவம்பிள்ளை 'ஆர்னல்ட்' ஆனதும் இப்படித்தான்.

பையன்கள் படித்தார்கள், சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்புறம்தான் சிக்கல். கட்டிக்கொள்ளப் பெண் எங்கே? அன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து வாசனை கிடையாது. வீட்டார் பார்க்கிற பெண் சைவக் குடும்பத்துப் பெண். படித்த கிறிஸ்தவ மாப்பிள்ளைக்குப் படித்த கிறிஸ்தவப் பெண் வேண்டும் என்றால் பெண்ணைத் 'தயார்' செய்யவேண்டும். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார். அவர் கணவர் மைரன் வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு, மறைக்க மாட்டேன். பள்ளி பெண்ணுக்காகத் திறக்கப்படவில்லை, பையனுக்காகத் திறக்கப்பட்டது. உனக்கு என்னவாக ஆசை என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்கவில்லை. பெற்றவர்களோ அனுப்பவே பயந்தார்கள். சாதி போய்விடும், பேனா பிடித்த பெண்ணை யார் கட்டுவான் என்ற பயம். அதைவிடப் பெரிய கவலை சீதனம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி மகளுக்குச் சொத்து சீதனமாகத்தான் போகும். மிஷன் பள்ளிக்குப் போன பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் கைவிரித்துவிட்டால்? அதனால் மிஷனரிகள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பாடும் துணியும் படிப்பும் எங்கள் பொறுப்பு. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சீதனமும் நாங்களே தருகிறோம் என்றார்கள். சீதனம் கொடுத்துப் பெண் கல்வியை வளர்த்தார்கள் என்றால் இன்றைக்குச் சிரிப்பு வரும். நம் செட்டிநாட்டுக்காரர்கள் சிரிக்க உரிமை இல்லாதவர்கள். இசைகுடிமானம் எழுதி, சீரைப் பத்தி பத்தியாகப் பரப்பிக் காட்டுகிற ஊரில் இருந்துகொண்டு நான் எந்த முகத்தோடு அவர்களைக் குறை சொல்ல?

ஆனால் அந்த ஏற்பாட்டில் யாரும் திட்டமிடாத ஒரு நன்மை நடந்தது. பெண்களுக்குச் சில வருஷங்கள் கிடைத்தன. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கழுத்து நீட்டவேண்டிய பிள்ளைகள் அந்த வருஷங்களில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சட்டச் செய்தி சொல்கிறேன். நம் நாட்டில் 1872இல் வந்த இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு ஆணுக்குப் பதினாறும் பெண்ணுக்குப் பதின்மூன்றும் கடந்திருந்தால் போதும் என்றுதான் முதலில் வைத்தது. அது 21, 18 என்று ஆனது 1978இல். சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே உடுவில் விடுதி அதைச் செய்துகொண்டிருந்தது.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். எலைசா ஆக்னியூ. 1807இல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் பூகோள வகுப்பு. ஆசிரியை உலகப் படத்தில் மொரீஷியஸ் தீவைக் காட்டி, ஹாரியட் நியூவெல் என்ற பெண் அடக்கமாகியிருப்பது இங்கேதான் என்று சொன்னாராம். கல்யாணமான கையோடு மிஷன் ஊழியத்துக்குக் கப்பலேறி 1812இல் பத்தொன்பது வயதில் இறந்துபோனவர் அந்த ஹாரியட். சிறுமி எலைசா அங்கேயே தீர்மானித்துவிட்டாள், நானும் போவேன் என்று. முப்பது வருஷத்துக்கு மேல் சுவரில் படத்தை மாட்டிக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தவன் நான். நம் குச்சி எங்கே பட்டது, யார் மனசில் பட்டது என்று ஆசிரியனுக்குத் தெரிவதே இல்லை.

தீர்மானித்தது எட்டு வயதில், கப்பலேறியது முப்பத்திரண்டு வயதில். இடையில் இருபத்துநான்கு வருஷம். வீட்டில் பார்த்துக்கொள்ளவேண்டிய நெருங்கிய உறவுகள் இருந்தார்கள். அவர்கள் இருக்கும்வரை எங்கும் போகவில்லை. அவர்கள் காலமான பிறகு, 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கன்னியாகவே வந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்ப்பது ஊராருக்குப் புதுசு. ஏன் இந்த அம்மாவுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று நிச்சயம் பேசியிருப்பார்கள். நாம் பேசமாட்டோமா?

அதற்குள் ஹாரியட் வின்ஸ்லோ காலமாகி, ஸ்பால்டிங் தம்பதியர் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்த ஆக்னியூ அம்மையார் 1879 வரை, கிட்டத்தட்ட நாற்பது வருஷம், உடுவில் பிள்ளைகளோடு இருந்தார். ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே கண்மூடினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்திருக்கிறார்கள். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை. 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று அவரைச் சொன்னார்கள். லீவு விட்டால் கட்டிக்கொடுத்த பழைய மாணவிகளின் ஊர்களுக்குப் போய் வீடு வீடாகப் பார்த்துவிட்டு வருவாராம்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்ன தெரியுமா? நல்ல மனைவிகளைத் தயார் செய்யவேண்டும் என்று தொடங்கிய பள்ளியை நாற்பது வருஷம் தாங்கிப் பிடித்தவர் யாருக்கும் மனைவியாகாத ஒருவர். காலையில் எழுவது, ஜெபம், கணக்கு, தையல், கூடப்படிக்கிறவளோடு சண்டை வந்தால் அன்றைக்கே பேசித் தீர்ப்பது, கையில் இருக்கிற காசை எண்ணிச் செலவு செய்வது, இதெல்லாம் பிள்ளைகள் அவரிடம் பார்த்துக் கற்றவை என்றால், அவர் புருஷனுக்காக அதைப் பழகவில்லையே. தனக்காகவும் கடவுளுக்காகவும் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தவர்கள், அதை எடுத்துக்கொண்டு போய்க் குடும்பம் நடத்தினார்கள். பலர் கிராமப் பள்ளிகளில் ஆசிரியையும் ஆனார்கள்.

வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் சர்க்கார் வேலைக்குப் போகிறார்கள் என்ற வருத்தம் அதற்கு ஒரு காரணம். யாருக்காகப் பெண்கள் தயார் செய்யப்பட்டார்களோ அந்தப் பையன்களின் பள்ளி முப்பது சொச்ச வருஷத்தில் முடிந்துபோனது. பெண்களின் பள்ளிக்கு 2024இல் இருநூறு வயது நிறைந்தது, இன்னும் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் கடல் தாண்டி மதுரைக்கு வந்ததும் இதே அமெரிக்க மிஷன்தான். அதன் வழியில் வந்த கேட்டி வில்காக்ஸ் என்ற இன்னொரு கல்யாணமாகாத அம்மையார் 1948இல் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். பொன்னமராவதி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்கள்!

இன்றைய முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.சி. சபையில் இது இன்னும் முறையாக நடக்கிறது. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதற்கு முன்பே ஆயத்த வகுப்பு முடித்த சான்றிதழ் கேட்பார்கள். 1981இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய குடும்பம் பற்றிய மடலில் திருமண ஆயத்தத்தை மூன்று படியாகப் பிரித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய சில வாரங்கள் கடைசிப் படி மட்டுமே. முதல் படி குழந்தைப் பருவத்தில், வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்கிறார். அப்படிப் பார்த்தால் ஆயத்தம் என்று தனியாக ஒரு காலம் கிடையாது, வளர்வதுதான் ஆயத்தம். நம் பாப்பா கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு முகாமுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாம், கெட்டுப்போகாது. கோபத்தை எப்படி அடக்குவது, கடனை எப்படிப் பேசுவது என்று நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் தனியாக இருக்கிறவருக்கும் பிரயோஜனம்தானே. எனக்கு அதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரியைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள்.

எழுதியதை அனுப்புவதற்கு முன் போனில் அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். அப்போது ஒன்று சொல்லவேண்டியிருந்தது. நாற்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது. 1986இல் இதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியது. அதன் அப்பா என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "வாத்தியாரய்யா, மதுரையில காலேஜ்ல சேக்கட்டுமா? இல்ல, ஒரு வரன் வந்திருக்கு, முடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். வகுப்பில் பெண் கல்வி பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்திய நான், "நல்ல எடமா இருந்தா முடிச்சிருங்க, படிப்பு எங்க போகுது" என்று சொன்னேன். அவர் முடித்துவிட்டார். அந்தப் பிள்ளை இரண்டு குழந்தை பெற்று, தபால் வழியில் பட்டம் வாங்கி, அப்புறம் பயிற்சி முடித்து ஆசிரியையானது. யாரும் சீதனத்தோடு சேர்த்து நாலு வருஷம் அதற்குக் கொடுக்கவில்லை.

சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் போனில் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பா உங்ககிட்ட வந்து கேட்டது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்," என்றது. "கதவுக்குப் பின்னாடி நின்னு, நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்கன்னு அவர் அம்மாகிட்ட சொல்றதைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பாப்பாவுக்கு இதை அனுப்பிடுறேன். முகாமுக்குப் போறதும் போகாததும் அவ இஷ்டம்."

உடுவிலில் படித்தவர்களின் பேரன் பேத்திகளை, லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பழைய கடிதமோ போட்டோவோ இருந்தால் கீழே போடச் சொல்லுங்கள். இந்த வயதிலும் பார்க்க ஆசையாக இருக்கிறது.